பேரப்பிள்ளைகளோடு எதிர்க்கரைக்கு

பள்ளி விடுமுறை நெருங்கினால் நாகப்பட்டினத்தில் இரண்டு பேச்சுதான். ஒன்று வெயில். மற்றது, "இந்தத் தடவை பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகிறீர்கள்?" முன்பெல்லாம் இதற்குத் திருச்செந்தூர், ஊட்டி, மைசூர் என்று பதில் வரும். இப்போது சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று வருகிறது. திருச்சியில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். கையில் காசு இருக்கிறது, போகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷமே.

ஆனால் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "அஞ்சு நாளில் பதினாறு இடம் பார்த்தோம்" என்பார் அப்பா. பையனைக் கேட்டால் ஓட்டலில் நீச்சல் குளம் இருந்தது என்பான். பதினாறு இடங்களில் ஒன்றுகூட அவன் வாயில் வராது. விடியற்காலையில் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, படம் எடுத்து, மறுபடி ஏற்றினால் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கும்? அந்தத் திட்டம் பெரியவர்கள் கொடுத்த பணத்துக்குக் கணக்குச் சொல்லப் போட்டது. பிள்ளைக்காகப் போட்டதல்ல.

பிள்ளைகளின் முதல் வெளிநாட்டுப் பயணம் கிட்டத்தில் இருக்க வேண்டும், நாலைந்து நாளுக்கு மேல் போகக் கூடாது, அதில் பாதி நேரம் ஒரு வேலையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. நாகைக்காரர்களுக்கு அப்படி ஓர் இடம் நேர் எதிரே இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையைச் சொல்கிறேன். கடலில் சுமார் 110 கிலோமீட்டர், கப்பலில் ஏறக்குறைய நாலு மணி நேரம். கணக்குப் பார்த்தால் திருச்சியைவிட அது நமக்குக் கிட்டம்.

இந்தக் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, மழைக்காலம் வந்ததால் ஒரே வாரத்தில் நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. அதுவும் மழைக்காலத்தில் நின்று 2025 பிப்ரவரியில் மறுபடி வந்தது. நம்மூருக்குக் கப்பல் புதிதல்ல. 'ரஜூலா'வும் அதற்குப் பிறகு 'சிதம்பரம்' கப்பலும் இங்கிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் ஏற்றிப் போனதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் 'சிதம்பரம்' முதலில் 'பஸ்தேர்' என்ற பெயரில் ஓடிய பிரெஞ்சுக் கப்பல். 1985இல் அதில் தீப்பிடித்த பிறகு நாகையில் பயணிகள் கப்பல் என்ற பேச்சே அடங்கிவிட்டது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். சேன், லுவார், கரோன், ரோன் என்று பிரான்ஸ் தேசத்து நதிகளை வரிசையாக ஒப்பித்தோம். எந்த நதி எந்தக் கடலில் விழுகிறது என்று இன்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கடற்கரையில் நின்றால் எதிர்ப்பக்கம் எந்த ஊர் என்பதை மட்டும் எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தரவில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு எதிர்க்கரை தெரியும், ஆனால் ஒரே ஒரு விதத்தில்: 'இலங்கைக் கடற்படை மீனவர்களைக் கைது செய்தது' என்ற செய்தியாக. என் பேரனோடு அக்கரைப்பேட்டைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். இலங்கை என்றால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போகிற இடம் என்பதுதான் அவர்கள் கேட்டு வளரும் பேச்சு. எதிர்க்கரைப் பிள்ளைக்கும் நம்மைத் தெரிந்திருப்பது அதுபோலத்தான்: தன் அப்பாவின் வலையை அறுத்துப் போகும் இழுவைப் படகுக்காரர்களாக. இரண்டு பக்கமும் நியாயம் பேச ஆள் இருக்கிறது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்க்கத்தான் வழியில்லாமல் இருந்தது. இப்போது வழி இருக்கிறது.

சென்ற ஆண்டு மகள், மாப்பிள்ளை, பத்து வயதுப் பேத்தி, ஆறு வயதுப் பேரன் ஆகியோரோடு போய் வந்தேன். "கடலிலா, சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டா?" என்று கேட்டவர்கள் பலர். 2004 டிசம்பரைப் பார்த்த ஊர் இது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கடலைப் பார்த்துப் பயப்படுவதை மட்டுமே பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப் போக எனக்கு விருப்பமில்லை.

குமாஸ்தா புத்தி போகாது, அதனால் காகிதங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட் வேண்டும். பொதுவாக ஐந்து ஆண்டுக்குத்தான் தருவார்கள், ஆகவே பழையதை எடுத்துத் தேதி பாருங்கள். புறப்படும்போது ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் பதிவானபோது பெயரில்லாமல் 'ஆண் குழந்தை' என்று போட்டு, அப்படியே விட்ட சான்றிதழ்கள் நம் பக்கத்தில் ஏராளம். இனிஷியல் ஓரிடத்தில் முன்னாலும் ஓரிடத்தில் பின்னாலும் இருந்தால் அதையும் இப்போதே சரி செய்யுங்கள். இலங்கைக்கான பயண அனுமதி விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் எடுக்குமுன் அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்ப வேண்டாம்.

அடுத்தது நாள் பார்ப்பது. ஐப்பசி, கார்த்திகையில் கப்பலை நினைக்கவே வேண்டாம். மாசி, பங்குனியில் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அப்போதும் காற்று அடித்தால் ஒரு நாள் ஓடாமல் போகலாம். ஆகவே திரும்பும் தேதிக்குப் பிறகு ஒரு நாளும், அந்த நாளுக்கான பணமும் கையில் வைத்திருங்கள். மறுநாளே பள்ளிக்கூடம், மறுநாளே ஆபீஸ் என்று போட்டால் கடைசி நாள் முழுவதும் பெரியவர்கள் முகம் வாடியிருக்கும், பிள்ளைகளுக்கும் அது தொற்றிக்கொள்ளும்.

கப்பலில் ஏறுமுன் எண்ணெய்ப் பலகாரம் கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும். நடுப்பகுதியில் உட்கார வைத்து, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போனைக் கையில் கொடுத்தால் நிச்சயம் வாந்திதான். பேரனுக்கு ஒரு தடவை வந்தது. இஞ்சி முரப்பா ஒரு துண்டு கொடுத்ததும் தூங்கிவிட்டான்.

நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: ஒரு நாளைக்கு ஓர் இடம், அதைப் பிள்ளைகளே தேர்ந்தெடுப்பது. முதல் நாள் கீரிமலை. துறைமுகத்துக்குப் பக்கம்தான். கடல் ஓரத்திலேயே நல்லதண்ணிக் கேணி. உப்புக் கடலுக்கு இத்தனை அருகில் உப்பில்லாத தண்ணீர் எப்படி என்று பேத்தி கேட்டாள். மழைத்தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி அடியில் ஓடி இங்கே ஊற்றாக வருகிறது என்றேன். அந்த ஊற்றில் நீராடித்தான் குதிரை முகம் நீங்கினாள் ஒரு சோழ இளவரசி என்பது ஐதீகம். அதனால் மாவிட்டபுரம், 'மா' என்றால் குதிரை. இந்தக் கதைக்குப் பிறகு இருவரையும் தண்ணீரிலிருந்து கிளப்ப முடியவில்லை. கிளப்பவும் இல்லை. அன்றைய திட்டம் அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் நயினாதீவு. குறிகட்டுவான் வரை கடலுக்கு நடுவில் போட்ட சாலையில் பஸ், அங்கிருந்து படகு. தீவில் நாகபூசணி அம்மன் கோயில், கொஞ்சம் நடந்தால் புத்த விகாரை. மூன்றாம் நாள் யாழ்ப்பாணக் கோட்டை. டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து அதையும் நம் நாகையையும் பிடித்தது ஒரே ஆண்டில், 1658இல். "அப்படின்னா நம்ம ஊர்க் கோட்டை எங்கே தாத்தா?" என்றான் பேரன். நாகையில் அதன் சுவடுகூட இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

கோட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில் நூலகம். வெள்ளைவெளேரென்று அழகான கட்டடம். 1981இல் அது எரிக்கப்பட்டது, ஏறத்தாழ 97,000 புத்தகங்களும் ஏடுகளும் சாம்பலாயின. பேத்தி, "யார் கொளுத்தினாங்க?" என்று கேட்டாள். விடுமுறையில் பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்லலாமா என்று மாப்பிள்ளை தயங்கினார். சொல்லலாம் என்பது என் எண்ணம். கேட்ட அளவுக்கு, நாலு வாக்கியத்தில், உண்மையைச் சொன்னேன்: காவல் காக்க வேண்டிய போலீஸாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள், பிறகு மறுபடி கட்டினார்கள், இப்போது பிள்ளைகள் உள்ளே படிக்கிறார்கள். அவள் உள்ளே போய்ப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது எந்த இடமும் அல்ல, அங்கத்துப் பேச்சு. தங்கிய வீட்டு அம்மா, "பிள்ளையள், தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டதும் இரண்டும் சிரித்தன. மாலைக்குள் பேரன், "அம்மம்மாவுக்கு வடிவான தோடு வாங்குவம்" என்று அதே மாதிரி பேச ஆரம்பித்துவிட்டான். ரொட்டியைப் 'பாண்' என்கிறார்கள். போர்த்துகீசியர் விட்டுப் போன சொல். பிரெஞ்சில் 'பேன்' என்று படித்த எனக்கு அது பழைய உறவினர் வீட்டுப் பிள்ளையைப் பார்த்தது போலிருந்தது. காரைக்கால் குடும்பங்கள் பலவற்றின் பேரப்பிள்ளைகள் பாரிஸில் வளர்கிறார்கள். லா ஷப்பேல் கடைத்தெருவில் அவர்களுக்கு யாழ்ப்பாணத் தமிழ் பழக்கம். நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் அதைக் கேட்டதே இல்லை.

காசு விஷயத்திலும் பிள்ளைகளை விடுங்கள். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்றரை ரூபாய் போல் கிடைத்தது. தினம் ஒரு சிறு தொகையைப் பேத்தி கையில் கொடுத்து, ஐஸ்கிரீமும் பலகாரமும் அவள் பொறுப்பு என்றோம். நம் காசில் எவ்வளவு என்று அவளே வகுத்துச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அவளை அழவைக்கும் அதே வகுத்தல் கணக்கு.

சிங்கப்பூர் எங்கும் ஓடிவிடாது, பிள்ளைகள் வளர்ந்து சொந்தக் காசில்கூடப் போவார்கள். எதிர்க்கரைக் கப்பல் அப்படியல்ல. ஆள் ஏறினால் ஓடும், ஏறாவிட்டால் நின்றுவிடும். ஒரு தடவை நின்றதைத் திரும்ப ஓட்ட எத்தனை ஆண்டு ஆனது என்று நமக்குத் தெரியும். நாகையிலும் திருவாரூரிலும் உள்ள பள்ளிகள் சுற்றுலா என்று பிள்ளைகளை எங்கெங்கோ பஸ்ஸில் கொண்டுபோகின்றன. பாஸ்போர்ட் வேலை கொஞ்சம் கூடும்தான், ஆனால் ஒரு தடவையாவது இந்தக் கப்பலில் ஏற்றிப் பார்க்கலாம். அங்கிருந்தும் பிள்ளைகள் வரட்டும். நாகூரையும் வேளாங்கண்ணியையும் சிக்கலையும் நாம் காட்டுவோம்.

பாஸ்போர்ட் தேதியை இன்றைக்கே பார்த்து வையுங்கள். மாசியில் கடல் நன்றாக இருக்கும்.