ஓசையும் இரைச்சலும்

பண்டைக் கிரேக்கர்களுக்குத் தங்கள் பாஷையின் மேல் அபார மோகம். அந்தப் பாஷை அறியாத ஜனங்கள் எல்லோரும் 'பர் பர்' என்று ஏதோ சத்தம் செய்வதாகவே அவர்கள் காதுக்குப் பட்டது. ஆகவே அயலாருக்கு 'பார்பரோஸ்' என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயரே நாளடைவில் ஐரோப்பிய பாஷைகளில் 'காட்டுமிராண்டி' என்னும் பொருளை அடைந்தது. பிறர் பேச்சைச் சத்தம் என்று சொல்லிவிடுவதில் மனிதனுக்கு அவ்வளவு ஆசை! ஆனால் சத்தத்துக்குத் தன் பாஷையில் எத்தனை பெயர் இருக்கிறது, அவற்றுக்குள் என்ன வித்தியாசம் என்று விசாரிப்பவர்கள் வெகு சிலரே. இங்கிலீஷிலும், அதன் உறவு பாஷையாகிய டேனிஷிலும், நம் தமிழிலும் சத்தத்துக்கு வழங்கும் சொற்களை இந்த வாரம் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாம்.

கீழ்பென்னாத்தூரில் திண்ணைமேல் அமர்ந்து இந்தப் பக்கத்தைப் படிக்கும் நேயர், "இங்கிலீஷாவது கச்சேரிக்கும் கலாசாலைக்கும் வேண்டியிருக்கிறது, டேனிஷ் நமக்கு எதற்கு, ஐயா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் டேனியர் நமக்கு முற்றும் அந்நியர் அல்லர். 1620-ஆம் ஆண்டில் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர்கள் அவர்கள். அங்கே டான்ஸ்போர்க் என்னும் கோட்டையைக் கட்டினார்கள். இடையில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த சில ஆண்டுகள் நீங்கலாக, 1845 வரையில் டென்மார்க் தேசத்துக் கொடி அந்தக் கடற்கரையில் பறந்தது. பிறகு வங்காளத்துச் சேராம்பூரோடு சேர்த்துத் தரங்கம்பாடியை ஆங்கிலக் கம்பெனிக்கு விலைக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள்.

தரங்கம் என்றால் அலை. பாடி என்றால் ஊர். 'அலைகள் பாடும் ஊர்' என்று நயமாகப் பொருள் சொல்பவர்களும் உண்டு. டேனியர் நாவில் இது 'டிராங்கெபார்' ஆயிற்று. அலையும் போயிற்று, பாட்டும் போயிற்று. 'டிராம்' வண்டி கட்டடம் கட்டடமாக மோதினாற்போல் ஒரு சப்தம் மிஞ்சியது! ஆனாலும் அந்த ஊருக்கு நாம் கடமைப்பட்டவர்கள். டேனிஷ் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்கு 1706-இல் அங்கே வந்து இறங்கினார். பிறப்பினால் அவர் ஜெர்மானியர். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதி அவர் தமிழ் கற்றார். அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலே நகரில் அச்சேறியது.

நிற்க. விஷயத்துக்கு வருவோம்.

இங்கிலீஷும் டேனிஷும் ஒரே ஜெர்மானியக் குடும்பத்துப் பாஷைகள். அதிலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் டேனியர் கப்பல் கப்பலாகப் போய் இங்கிலாந்தின் ஒரு பாகத்தையே ஆண்டிருக்கிறார்கள். ஆகவே சத்தத்தைக் குறிக்கும் சொற்களிலும் உறவு முறை தெரிகிறது. குறட்டை விடுவதற்கு இங்கிலீஷில் 'ஸ்னோர்', டேனிஷில் 'ஸ்னோர்கெ'. ஊளையிடுவதற்கு 'ஹவுல்', 'ஹூலெ'. காதோடு காதாகக் கிசுகிசுப்பதற்கு 'விஸ்பர்', 'விஸ்கெ'. இடிக்கு இங்கிலீஷில் 'தண்டர்', டேனிஷில் 'டோர்டன்'. இந்த டோர்டனுக்குள் ஒரு கதை இருக்கிறது. 'தோர்' என்பவன் வடநாட்டாரின் பழைய தெய்வம், சம்மட்டி ஏந்தியவன், நம் இந்திரனைப் போல இடிக்கு அதிபதி. அவன் எழுப்பும் பேரொலி என்பதே அந்தச் சொல்லின் பொருள். தமிழனோ தெய்வத்தின் பெயரைச் சேர்க்கவில்லை. உரலில் இடிக்கும் ஓசையைக் கேட்டவன், வானத்திலும் யாரோ இடிக்கிறார்கள் என்று எண்ணி 'இடி' என்றான் போலும்.

இவ்வளவு ஒற்றுமை உள்ள இரண்டு பாஷைகளும் ஓரிடத்தில் பிரிந்துவிடுகின்றன. காதுக்கு வேண்டாத சத்தத்தைக் குறிக்க இங்கிலீஷ்காரர் 'நாய்ஸ்' என்ற சொல்லைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். கப்பலில் போகிறவனுக்கு வரும் குமட்டலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது என்பது பல அறிஞர்களின் கருத்து. டேனியரிடம் அதற்கு இரண்டு சொற்கள் உண்டு: ஒன்று 'ஸ்தொய்', மற்றொன்று 'லார்ம்'. ஸ்தொய் என்பது மனிதனுக்குத் தொந்தரவு கொடுக்கும் சத்தம். லார்ம் என்பது அமளி துமளி. இந்த லார்மின் பூர்வீகம் இத்தாலி தேசம். அங்கே போர்வீரர்களை நோக்கி, "ஆயுதம் எடுங்கள்!" என்று கூவிய கூவலே வடக்கே போய் இப்படிக் குறுகிவிட்டது. இங்கிலீஷின் 'அலாரம்' அதற்கு உடன்பிறப்பு. நள்ளிரவில் அடுத்த வீட்டார் அமளி செய்யும்போது ஆயுதம் எடுக்கலாமா என்று தோன்றுவது எந்தத் தேசத்தாருக்கும் சகஜந்தானே? இவை ஒருபுறமிருக்க, குற்றம் குறை இல்லாத வெறும் ஒலிக்கு இங்கிலீஷில் 'ஸவுண்ட்', டேனிஷில் 'லூத்' என்று தனிச்சொல் இருக்கிறது. ஒலி வேறு, தொல்லை வேறு என்று இருவரும் வரம்பு கட்டி வைத்திருக்கிறார்கள். இந்த வரம்பை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மனிதக் காது எங்கும் ஒன்றுதான். ஆனாலும் அது கேட்பதை எழுத்தில் வடிக்கும்போது ஒவ்வொரு பாஷையும் தன் வழியே போகிறது. நம் சேவல் 'கொக்கரக்கோ' என்கிறது. டேனிஷ் சேவல் 'கூக்கெலிகூ' என்கிறது. இங்கிலீஷ் சேவலோ 'காக்-எ-டூடில்-டூ' என்று பெரிய சங்கீதக் கச்சேரியே நடத்துகிறது. நம் நாய்க்கு 'லொள் லொள்', டேனிய நாய்க்கு 'வொவ் வொவ்'. பூனை ஒன்றுதான் எல்லைகளை மதிப்பதில்லை. இங்கும் அங்கும் அதற்கு 'மியாவ்'தான்!

இந்தச் சொற்களை விளையாட்டு என்று ஒதுக்காமல் ஆராய்ந்தவர்களில் ஒரு டேனியர் முக்கியமானவர். ஆட்டோ யெஸ்பர்ஸன் (1860–1943) என்பது அவர் பெயர். கோபன்ஹேகன் சர்வகலாசாலையில் இங்கிலீஷ் பேராசிரியராக இருந்து, இங்கிலீஷுக்கு ஏழு பாகங்களில் பெரிய இலக்கணம் எழுதியவர். 1922-இல் வெளியான தமது நூலில், ஒலிக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்புக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். 'இ' என்னும் உயிரொலி பல பாஷைகளில் சிறியது, மெல்லியது என்னும் எண்ணத்தைத் தருகிறது என்பது அவருடைய கருத்துக்களில் ஒன்று. விதிவிலக்குகள் ஏராளம் என்றாலும், நம் வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். குழந்தை காலில் கட்டும் கிண்கிணி 'கிணுகிணு' என்கிறது. கோயில் மணி 'கணகண' என்கிறது. எலி 'கீச் கீச்' என்கிறது. விழுந்த அண்டா 'டமார்' என்கிறது.

தமிழின் களஞ்சியத்தைத் திறந்தால் பிரமிப்பு உண்டாகிறது. தொல்காப்பியர் உரியியலில் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்னும் நான்கு சொற்களும் அரவப் பொருளைத் தரும் என்று சொல்லிவைத்தார். 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார், ஓசை என்ற ஒரு பொருளுக்கு முழக்கு, இரட்டு, ஒலி, இரை, இமிழ், அதிர், குரை, கனை, ஆர்ப்பு முதலாக 22 சொற்களை ஒரே சூத்திரத்தில் அடுக்கினார். இவற்றில் 'சும்மை' வேடிக்கையான சொல். டேனிஷில் வண்டு முரல்வதை 'ஸும்மெ' என்று எழுதுகிறார்கள். இதைக் கண்டதும், 'டேனிஷ் தமிழிலிருந்து பிறந்தது' என்று பிரசங்கம் செய்ய யாரும் புறப்பட்டுவிட வேண்டாம். வண்டின் குரல் இரு தேசத்தார் காதிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி விழுந்திருக்கிறது, அவ்வளவே.

இதற்கு மேல் மரபுச் சொற்கள் இருக்கின்றன. யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும், குயில் கூவும், காகம் கரையும், ஆந்தை அலறும், பாம்பு சீறும். அதற்கும் மேலே இரட்டைக் கிளவிகள்: ஓடை சலசலக்கும், வண்டி கடகடக்கும், வளையல் கலகலக்கும், நெஞ்சு படபடக்கும். இவற்றைப் பிரித்தால் பொருள் தராது என்பது தொல்காப்பியர் விதி. வெறும் 'சல' எந்த ஓடையிலும் ஓடுவதில்லை அல்லவா? எமனோ என்னும் அமெரிக்க அறிஞர் 1969-இல் எழுதிய ஒரு கட்டுரையில், இத்தகைய ஒலிக்குறிப்புச் சொற்கள் குடும்பம் வேறான இந்திய பாஷைகள் பலவற்றுக்கும் பொதுச் சொத்தாக இருப்பதை எடுத்துக் காட்டினார்.

இவ்வளவு செல்வம் இருந்தும் இன்று நாம் செய்வது என்ன? எல்லாவற்றுக்கும் 'சத்தம்' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். குழந்தை சிரித்தாலும் சத்தம், கூட்டம் கூடினாலும் சத்தம், கர்ணகடூரமாக ஊதும் குழல் காதைத் துளைத்தாலும் சத்தம். கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவையே எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் போகும் பெரிய சாலை அதன் வழியே போகிறது. ஜனங்கள் போவதும் வருவதும் பேரம் பேசுவதுமாக எழுவது சந்தடி. இருவர் சண்டையிட்டால் எழுவது கூச்சல். அதில் பத்துப் பேர் கலந்துகொண்டால் அமளி. திருவிழாவில் தேர் அசைந்ததும் மக்கள் செய்வது ஆரவாரம். துக்க வீட்டில் கேட்பது ஓலம். இரவு ஒன்பது மணிக்குமேல் ஒரு சந்தில் யாரோ நடந்துவருவது தெரிந்தால் அது அரவம். ஓயாமல், உருவமில்லாமல், வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் காதில் வந்து கொட்டுகிறதே, அதுதான் இரைச்சல்.

சொல்லாராய்ச்சி செய்பவர்களுக்கு மட்டும் உரிய விவகாரம் இது என்று எண்ண வேண்டாம். இரைச்சலைத் தடுக்க இந்திய சர்க்கார் 2000-ஆம் ஆண்டில் விதிகள் வகுத்தார்கள். அவற்றின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நியாய ஸ்தலம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரையில் அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே வரம்பு பகலில் 50, இரவில் 40. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு அன்று. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு கூடுகிறது; இருபது கூடினால் நூறு மடங்கு. வரம்புக்குமேல் 10 டெசிபல் அல்லது அதிகம் போனால், யாரும் அதிகாரியிடம் புகார் செய்யலாம் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. ஒலிபெருக்கி வைப்பதற்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். திறந்த வெளியில் இரவில் அதை முழக்கக் கூடாது. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மேற்படாமல், இரவு 12 மணி வரையில் மாகாண சர்க்கார் விலக்கு அளிக்கலாம்.

விதி இருக்கிறது. ஆனால் பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணின் தகப்பனாரோ, நோயாளியின் பக்கத்தில் கண்விழிக்கும் மனைவியோ வெளியே வந்து, "சத்தமாக இருக்கிறது, ஐயா" என்று சொன்னால் என்ன பதில் கிடைக்கிறது? "கல்யாணம் என்றால் சத்தம் இருக்காதா? திருவிழா என்றால் சத்தம் இருக்காதா?" என்கிறார்கள். கேட்டவர் வாயடைத்துத் திரும்புகிறார். நாதஸ்வரத்தையும் வேட்டையும் ஆரவாரத்தையும் இரைச்சலையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டபடியால், இரைச்சலைக் கண்டித்தவர் திருவிழாவையே கண்டித்தவராகிவிடுகிறார்! அவருக்கு நாதஸ்வரத்தோடு பகை ஏது? அண்ணாமலையார் மலையில் கார்த்திகைத் தீபம் ஏறும் கணத்தில் பக்தர்கள் எழுப்பும் முழக்கத்தை எந்தப் பிள்ளையாவது படிப்புக்கு இடைஞ்சல் என்று சொன்னதுண்டா?

இந்தக் குழப்பம் நம்முடைய புதுச் சொற்களிலும் புகுந்துவிட்டது. காற்றுக்கும் நீருக்கும் நேரும் மாசைப் போலக் காதுக்கு நேரும் மாசைச் சொல்ல வந்தபோது, இங்கிலீஷ்காரர் 'ஸவுண்'டை விட்டு 'நாய்'ஸைச் சேர்த்தார்கள். டேனியர் 'லூத்'தை விட்டு 'ஸ்தொய்'யைச் சேர்த்தார்கள். நாமோ 'ஒலி மாசு' என்று பெயர் வைத்தோம். பாவம், ஒலி என்ன குற்றம் செய்தது? தாலாட்டும் ஒலிதான், வீணையும் ஒலிதான், தரங்கம்பாடி அலையும் ஒலிதான். மாசு செய்வது இரைச்சல். 'இரைச்சல் மாசு' என்று எழுதினால் எழுத்து ஒன்றும் அதிகமாகச் செலவாகிவிடாது. பள்ளிக்கூடத்துப் பாடத்திலும் சர்க்கார் விளம்பரப் பலகையிலும் இந்தத் திருத்தத்தைச் செய்வது எளிது.

வீட்டிலும் செய்யக்கூடியது உண்டு. குழந்தைகளோடு மாலையில் வாசலில் உட்கார்ந்து, காதில் விழும் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லச் செய்யுங்கள். இது சந்தடி, இது அரவம், இது கலகலப்பு, இது இரைச்சல் என்று அவர்கள் பிரித்தறியட்டும். நாளை அவர்களே புகார் எழுத வேண்டி வந்தால், "எங்கள் தெருவில் சத்தம்" என்று எழுதி நகைப்புக்கு இடமாக மாட்டார்கள். "இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியின் இரைச்சல்; விதிப்படி இதை நிறுத்த வேண்டும்" என்று எழுதுவார்கள். அந்தக் காகிதத்துக்கு அதிகாரி பதில் சொல்லியே தீரவேண்டும்.