நிலப்படத் தகவலுக்கும் பொது அளவை வேண்டும்

1956-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்திற்கு முன், இந்நாட்டில் சேர் என்னும் எடை இடத்துக்கு இடம் வேறுபட்டது. வாங்குவோரும் விற்போரும் நேர்மையுடையோராயினும் கணக்கு ஒத்துவரவில்லை. குறை மனிதரிடத்தன்று, அளவையிடத்தே இருந்தது. மெட்ரிக் முறை அதனை நீக்கிற்று. இன்று நிலப்படத் தகவல்களைக் கணிப்பொறியில் சேமிக்கும் துறைகளிடையே அதே குறை வேறுருவில் காணப்படுகிறது.

கிராமத்துக் கிணறுகளை ஒரு துறை அளக்கிறது; சாலைகளை மற்றொன்று; வெள்ளம் பரவும் தாழ்நிலங்களைப் பிறிதொன்று. மூன்றையும் ஒரே படத்தில் பொருத்தினாலன்றி, எந்தக் கிணறு மூழ்கும், எவ்வழியே குடிநீர் லாரி செல்லும் என்பது விளங்காது. ஒவ்வொரு துறையும் தன் மென்பொருளுக்கே உரிய வடிவில் தகவலைப் பூட்டிவைத்தால், வெள்ளம் வடிந்த பின்னரே படம் ஆயத்தமாகும்.

இதற்கு வழி இல்லாமலில்லை. 1994-இல் தோன்றிய ஓப்பன் ஜியோஸ்பேஷியல் கன்சார்ஷியம் என்னும் பன்னாட்டமைப்பு, எவரும் படித்துக் கையாளத்தக்க திறந்த தரங்களை வெளியிட்டு வருகிறது. 2000-இல் வந்த டபிள்யூ.எம்.எஸ். என்னும் தரத்தின்படி, ஓரிடத்துச் சர்வரிலுள்ள படத்தை வேறிடத்து மென்பொருள் கேட்டுப் பெறலாம். 2014-இல் வந்த ஜியோபேக்கேஜ், தகவல் முழுவதையும் ஒரே கோப்பில் அடக்குகிறது. பழகிப்போன ஷேப்ஃபைலோ குறைந்தது மூன்று கோப்புகளாகச் சிதறிக் கிடப்பது. அதன் பத்திகளின் பெயர் பத்து எழுத்துக்கு மேற்படலாகாது. ஆயக்கூறு முறையைக் கூறும் நான்காம் கோப்பு விடுபட்டால், அளவு பழைய எவரெஸ்ட் நீள்கோளத்தைச் சார்ந்ததா, இக்காலத்து டபிள்யூ.ஜி.எஸ். 84-ஐச் சார்ந்ததா என்று பெறுவோர் ஊகிக்க நேரிடும்.

தரம் ஒன்றே போதும் என்பதும் பிழை. அதனை உணர்ந்து கையாளவேண்டும். ஜியோஜேசன் வடிவில் தீர்க்கரேகை முன்னும் அட்சரேகை பின்னும் நிற்கும். வேறு சில முறைகளில் இவ்வரிசை தலைகீழ். ஏறத்தாழ 28.6 பாகை வடக்கு, 77.2 பாகை கிழக்கில் உள்ள டில்லி, எண்கள் இடம் மாறினால் ஆர்க்டிக்கை அடுத்த பாரென்ட்ஸ் கடலில் போய் விழும்!

திறந்த தரம் என்றால் இரகசியங்களையும் திறந்துவிடுவதென்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் பொருளற்றது. தரம், எழுதும் முறையை மட்டுமே குறிக்கும். யார் படிக்கலாம் என்பதை வரையறுப்பது துறையின் உரிமை.

2022-ஆம் ஆண்டின் தேசியப் புவிவெளிக் கொள்கை திறந்த தரங்களை ஊக்குவிக்கிறது. ஆயினும் கொள்கை ஏட்டில் இருப்பதால் மட்டும் வழக்கம் மாறிவிடாது. களப்பணியாளர் ஒப்படைக்கும் ஒவ்வொரு கோப்பும் திறந்த வடிவில் இருத்தல் வேண்டும். அளந்த நாள், அலகு, ஆயக்கூறு முறை ஆகிய மூன்றும் உடன் எழுதப்படவேண்டும். பள்ளிக் கிணற்றின் ஆழத்தைக் குறிக்கும் மாணவனுக்கும் ஆசிரியர் இப்பழக்கத்தையே கற்பித்தல் நலம். வெயிலில் நடந்து சேர்த்த தகவல், அளந்தவர் ஓய்வு பெற்றபின்னும், அம்மென்பொருள் வழக்கொழிந்தபின்னும் பயன்படவேண்டுமன்றோ?