ஓய்வு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

"ரிட்டயர் ஆனதும் எழுதுவேன்" என்று சொன்ன நண்பர்கள் எனக்குப் பலர். ஓய்வும் வந்தது, பேரப்பிள்ளைகளும் வந்தார்கள், எழுத்துதான் வரவில்லை.

அச்சங்குளம் இருக்கும் இதே விருதுநகர் மாவட்டத்தில், மேலாண்மறைநாடு கிராமத்தில் சின்னதாகக் கடை வைத்திருந்தவர் மேலாண்மை பொன்னுச்சாமி. படிப்பு ஐந்தாம் வகுப்பு. கடையையும் கவனித்தார், கதையும் எழுதினார். 'மின்சாரப் பூ' சிறுகதைத் தொகுப்புக்கு 2008-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஓய்வுக்காகக் காத்திருந்தால் கரிசல் மக்களின் பாடு அவர் எழுத்தில் ஏறியிருக்குமா?

தினம் அரைப் பக்கம் போதும் என்பது என் கட்சி. காலைக் காபிக்குப் பின் கால் மணி நேரம். கம்பும் பருத்தியும் விளைந்த காட்டில் பட்டாசு ஆலைகள் வந்ததை நேரில் பார்த்த தலைமுறை நாம். எழுதாவிட்டால் அது நம்மோடு போய்விடும்.