மைலேஜ் சட்டம் எஞ்சினைக் கொன்றதா?



நம்ம வொர்க்‌ஷாப்பிலும் சரி, ஹாஸ்டல் வராந்தாவிலும் சரி, பெரிய எஞ்சின் கார்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு புலம்பல் தவறாமல் வரும். "அமெரிக்காக்காரன் ஒரு காலத்துல எப்படிப்பட்ட வி-8 எஞ்சின் போட்டான்! மைலேஜ் சட்டம்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, எல்லாம் போச்சு!" கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையா? இல்லை என்பதே என் கருத்து.

முதலில் தேதிகளைப் பாருங்கள். செவர்லே கார்வெட் காரை எடுத்துக்கொள்வோம். 1970-ல் அதன் சாதாரண 5.7 லிட்டர் எஞ்சினுக்கு 300 குதிரைத்திறன். 1975-ல் அதே 5.7 லிட்டர் எஞ்சினுக்கு வெறும் 165! ஆனால் மைலேஜ் சட்டம் கையெழுத்தானதே 1975 டிசம்பரில்தான். அது அமலுக்கு வந்தது 1978 மாடல் கார்களுக்கு. பிறக்காத பிள்ளை மீது கொலைப்பழி போடலாமா?

அப்படியானால் சக்தி எங்கே போயிற்று? கொஞ்சம் கணக்கிலேயே போயிற்று. முன்பு மின்விசிறி, ஆல்டர்னேட்டர், சைலன்ஸர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அளந்தார்கள். 1972 முதல் காரில் இருக்கிறபடியே அளந்தார்கள். மீதியை எடுத்துக்கொண்டது 1970-ம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம். புகையைக் குறைக்க கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. அதற்கு ஈயம் ஆகாது. ஈயமில்லாத பெட்ரோலுக்கு ஏற்றபடி கம்ப்ரஷன் விகிதத்தை 10.25-லிருந்து 8.5-க்கு இறக்கினார்கள். எஞ்சின் சோர்ந்து போனது. நடுவில் 1973-ல் எண்ணெய் நெருக்கடி வேறு!

அதற்குப் பிறகுதான் மைலேஜ் சட்டம். 1978-ல் ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரி கேலனுக்கு 18 மைல், 1985-ல் 27.5 மைல். நம்ம கணக்கில் லிட்டருக்கு ஏறக்குறைய 7.7 கிலோமீட்டரிலிருந்து 11.7 கிலோமீட்டர். இது போதாதென்று, மைலேஜ் ரொம்பக் குறைந்த கார்களுக்கு 1980 மாடலிலிருந்து 'பெட்ரோல் விழுங்கி' வரி!

இங்கேதான் கதை மாறுகிறது. 1990-ல் கார்வெட் இசட்.ஆர்.-1 வந்தது. அதே 5.7 லிட்டர்தான். ஆனால் 375 குதிரைத்திறன்! 1975-ஐ விட இரண்டு மடங்குக்கும் மேல். அதுவும் அந்த வரியில் மாட்டக்கூடாது என்ற இலக்கோடு வடிவமைத்தது. சிலிண்டருக்கு நான்கு வால்வு, மின்னணு எரிபொருள் பீச்சு முறை, ஆறு கியர். தடை போட்டதும் ஆற்றுத் தண்ணீர் நின்றுவிடவில்லை, வேறு வாய்க்கால் வெட்டிக்கொண்டு போனது.

இதில் மாயம் எதுவும் இல்லை நண்பர்களே. நம்ம தெர்மல் பேப்பரில் ஆட்டோ சைக்கிள் கணக்கு போட்டிருக்கிறோமே! கம்ப்ரஷன் விகிதம் 8.5 என்றால் ஏட்டுக் கணக்கில் திறன் சுமார் 57 சதவீதம். 11.5 என்றால் சுமார் 62. அதே பெட்ரோலில் அதிக வேலை. அதற்குப் பெயர் மைலேஜ் என்றும் சொல்லலாம், பவர் என்றும் சொல்லலாம். 2014-ம் ஆண்டு கார்வெட்டின் 6.2 லிட்டர் எஞ்சினில் அந்த 11.5 விகிதமே இருந்தது. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீச்சிக் குளிரவைத்ததால் நாக்கிங் அடங்கியது. அவசரமில்லாமல் ஓடும்போது நான்கு சிலிண்டர்கள் ஓய்வெடுத்தன. 455 குதிரைத்திறன், நெடுஞ்சாலையில் கேலனுக்கு 29 மைல். பெரிய எஞ்சின் பாதி த்ராட்டிலில் காற்றை இழுக்கத் திணறியே பெட்ரோலை வீணாக்கும். சிலிண்டரை ஓய்வெடுக்க விடுவதன் ரகசியம் அதுதான்.

சட்டத்துக்கு வக்கீலாக நான் பேசவில்லை. அதிலும் ஓட்டை உண்டு. அந்த ஆறு கியர் கார்வெட்டில், மெதுவாக ஓட்டினால் முதல் கியரிலிருந்து நேரே நான்காவதுக்குத் தள்ளிவிடும் ஒரு ஏற்பாடு வைத்தார்கள். சோதனையில் மைலேஜ் ஏறியது. வாங்கியவர்களில் பலர் அதைச் செயலிழக்க வைத்துவிட்டார்கள்! 1981-ல் காடிலாக் 8-6-4 சிலிண்டர் முறையை அவசரமாகக் கொண்டுவந்தபோது அன்றைய எலெக்ட்ரானிக்ஸ் ஈடுகொடுக்கவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, வேன், ஜீப் வகை வண்டிகளை 'லாரி' கணக்கில் சேர்த்து அவற்றுக்குத் தளர்ந்த வரம்பு கொடுத்தது. பெட்ரோல் விழுங்கி வரியும் அவற்றுக்கு இல்லை. சனங்கள் காரை விட்டு அந்த வண்டிகளுக்குத் தாவினார்கள். காரில் மிச்சம் பிடித்ததை இதில் கோட்டைவிட்டார்கள். ஆக, சட்டம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஓட்டையில்லாத சட்டம் வேண்டும் என்பதே.

2025 ஜூலையில் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு, இந்த மைலேஜ் வரம்பை மீறுவதற்கான அபராதத்தைப் பூஜ்யமாக்கியது. கைதட்டும் நண்பர்களை ஒன்று கேட்கிறேன்: வாத்தியார் மார்க்கே போடமாட்டார் என்றால் நம்மில் எத்தனை பேர் ராத்திரி விழித்துப் படிப்போம்?

இது ஏதோ அமெரிக்கா சமாசாரம் என்று ஒதுக்கவும் முடியாது. நம் நாட்டிலும் 2017-ல் இதே வகை விதி வந்தது. கம்பெனியின் கார்கள் சராசரியாகக் கிலோமீட்டருக்கு 130 கிராம் கரியமில வாயு என்று தொடங்கி, 2022-ல் 113 என்று இறுக்கினார்கள். நாளைக்கு டிப்ளமோவைக் கையில் வாங்கிக்கொண்டு நாம் போய் நிற்கப்போவது இந்தக் கணக்கின் முன்னால்தான். கட்டுப்பாடே இல்லாத எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊற்ற ஆள் போதும். கட்டுப்பாட்டுக்குள் 375 குதிரையை அடக்கி ஓட்டத்தான் பொறியாளன் வேண்டும். "சட்டம் கெடுத்துடுச்சு" என்று புலம்புவதை விட்டுவிட்டு, அந்தப் பொறியாளனாக ஆவதற்கு வழி பார்ப்போமே!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்