அம்மன் கோயிலும் அகலத் தெருவும்

சமய நம்பிக்கையே ஒருவரின் உலகப் பார்வையை முழுவதுமாக வடிக்கிறது, ஆதலால் பிளேக் நோய்க்கு மாரியம்மன் கோயில் எழுப்பிய மக்களுக்கு அந்நோயின் காரணத்தை ஆராயும் திறன் இருந்திருக்க இயலாது என்று வாதிடுவோர், பெங்களூரின் மல்லேஸ்வரம் உருவான விதத்தைக் கணக்கில் கொள்வதில்லை. 1898-இல் பிளேக் தாக்கியபின், நெரிசல் மிகுந்த பேட்டைக்கு, அதாவது பழைய வணிக நகருக்கு மாற்றாக, காற்றும் வெளிச்சமும் புகும் நேர்த்தெருக்களோடு அமைந்த இப்பகுதி, காடு மல்லேஸ்வரர் கோயிலின் பெயரையே ஏற்றது. வழிபாடும் நகரமைப்பும் இங்கு ஒன்றையொன்று விலக்கவில்லை.

மேலும், காற்றோட்டத்தை மருந்தாகக் கருதிய நிர்வாகத்தின் கணிப்பும் முழுமையானதன்று: எலிகளின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்று ஆய்வாளர் பால்-லூயி சிமோன் அதே 1898-இல் கராச்சியில் சோதித்துக் காட்டியும், அறிவியல் உலகம் அதை ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின, ஆகவே பிழையான காரணங்கள் பக்தர்களின் தனியுடைமை அல்ல. மறுபுறம், ஆராய்ச்சியும் சமயப் பற்றும் ஒருவரிடமே சேர்ந்திருக்கக் கூடும்: 1897-இல் பம்பாயில் பிளேக் தடுப்பூசியைத் தம் உடலிலேயே சோதித்த வால்டெமார் ஹாஃப்கின், 1916-இல் யூத வைதீக நெறிக்கு ஆதரவாகக் கட்டுரை எழுதியவர்.

நம்பிக்கை பார்வையைத் தீண்டுவதேயில்லை என்பது இதன் பொருளன்று. துயரை எவ்வாறு தாங்குவது, எவருக்குக் கடமைப்பட்டிருப்பது என்பவற்றை அது ஆழமாக வடிவமைக்கிறது. ஆராய்ச்சியை அது தடுத்த இடங்களும் உண்டு. அவற்றைத் தனித்தனியே சான்றோடு நிறுவுவது வாதிடுவோரின் பொறுப்பு, ஒரு கோயிலைச் சுட்டிக்காட்டுவது அதற்கு ஈடாகாது.