கருப்பு என்ன குற்றம் செய்தது?



செருப்பையும் கைப்பையையும் பற்றி எழுதவா ஒரு பத்திரிகை என்று சிலர் கேட்கக்கூடும். எந்தத் திக்கில் தலை வைத்துப் படுப்பது, எந்தக் கிழமையில் மயிர் வெட்டிக்கொள்வது என்பது வரையில் பஞ்சாங்கக்காரன் நமக்கு உத்தரவு போடும்போது வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். எந்தச் சட்டைக்கு எந்தச் செருப்பு என்று நாமே யோசித்தால் மாத்திரம் அது அற்பக் காரியமாகி விடுமோ?

சென்ற தை மாதத்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண் படித்தவள், தானே சம்பாதிக்கிறவள். தன்னுடைய மஞ்சள் பட்டுப் புடவைக்குப் பொருத்தமாக இருக்குமென்று சொந்தப் பணத்தில் ஒரு கருப்புத் தோல் கைப்பையும், ஒரு ஜோடி கருப்புச் செருப்பும் வாங்கி வைத்திருந்தாள். அதைப் பார்த்த அவள் பெரியம்மாள், "நல்ல காரியத்தில் கருப்பையா கையில் பிடிப்பாய்?" என்று கூச்சல் போட்டார். புரோகிதர் ஆமாம் என்று தலையாட்டினார். மாப்பிள்ளை வீட்டார் அபசகுனம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெண்ணின் தகப்பனார் இரவோடிரவாக டவுனுக்கு ஆள் அனுப்பி, கேட்ட விலையைக் கொடுத்து, சிவப்புப் பையும் சிவப்புச் செருப்பும் வரவழைத்தார். செருப்பின் அளவு சரியில்லை. மறுநாள் முழுவதும் அந்தப் பெண் காலில் கொப்புளத்தோடு வந்தவர்களை வரவேற்றுக் கொண்டு நின்றாள். சுபம் என்று சொல்லப்பட்டது இதுதான்!

எனக்குப் பொறுக்கவில்லை. பெரியம்மாளிடம் போய்க் கேட்டேன்: "அம்மா, உங்கள் கழுத்தில் தாலியோடு கோத்திருக்கிற கருகமணி என்ன நிறம்?"

"அது திருஷ்டிக்கு, தம்பி."

"குழந்தை கன்னத்தில் வைத்திருக்கிற பொட்டு?"

"அதுவும் திருஷ்டிக்குத்தான்."

"பெண்ணின் கண்ணில் தீட்டிய மை?"

"அது அழகுக்கு."

"கைப்பையும் அழகுக்குத்தானே அம்மா வாங்கினாள்?"

அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் நான் வரவில்லை. அவருக்கு யாரோ சொல்லி வைத்தார்கள். அவர்களுக்கு அதற்கு முன்னால் யாரோ சொல்லி வைத்தார்கள். காரணம் கேட்டவர் மாத்திரம் ஒருவரும் இல்லை.

இப்போது நாம் கேட்போம். கருப்பு கெடுதலை விரட்டுகிறது என்றால், கல்யாணத்துக்கு முதலில் அழைக்க வேண்டியது அதையல்லவா? கருப்பு கெடுதலைக் கொண்டு வருகிறது என்றால், பெற்ற குழந்தையின் கன்னத்திலும் இடுப்புக் கயிற்றிலும் அதைக் கொண்டுபோய் வைப்பானேன்? இல்லை, கருப்பு அழகைக் கெடுக்கும், அதனால் பிறர் கண் படாது என்று சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். அப்படியானால் கண்ணுக்கு மை தீட்டுவது எதற்கு? நரைத்த தலைக்குக் கடைகடையாய்ப் போய்ச் சாயம் வாங்கிப் பூசுவது எதற்கு? தலைமயிர் கருப்பாக இருந்தால் லட்சணம், தலைக்கு மேல் பிடிக்கும் குடை கருப்பாக இருந்தால் அவலட்சணமா?

சாமி விஷயத்தைப் பாருங்கள். ஊர் எல்லையில் நிற்கிற சாமிக்குப் பேரே கருப்பண்ணசாமி. சனி பகவானுக்குச் சாத்துவது கருப்பு வஸ்திரம். சபரிமலைக்குப் போகிறவர்கள் உடுத்துவதும் கருப்பு. சாமிக்கு ஆகும் நிறம் சம்சாரிக்கு ஆகாது என்றால் அந்தச் சாஸ்திரத்தை எழுதியவனுக்கு ஞாபகமறதி என்றுதான் சொல்ல வேண்டும்.

பிற தேசத்துச் சங்கதி இன்னும் வேடிக்கை. இங்கிலாந்து தேசத்து விக்டோரியா மகாராணி 1840-ல் கல்யாணம் செய்துகொண்டபோது வெள்ளை உடை உடுத்தினார். 1861-ல் புருஷன் இறந்த பிறகு, 1901-ல் தாம் சாகும்வரை கருப்பே உடுத்தினார். அங்கே மணப்பெண்ணுக்கு வெள்ளை. நம் நாட்டில் அந்த வெள்ளையைத்தான் தாலியறுத்தவள் தலையில் கட்டினார்கள். வெள்ளையில் மங்களமோ அமங்களமோ இருந்திருந்தால் கப்பலேறியவுடன் குணம் மாறியிருக்குமா? ஆகவே நிறத்துக்குச் சுபமும் இல்லை, அசுபமும் இல்லை. அந்தந்த ஊரார் பழக்கம் அது, அவ்வளவுதான்.

நிற்க. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இருபது வருஷம் ஜவுளிக்கடையில் துணி கிழித்துப் போட்டவன். நிறத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணால் பார்த்ததும், கிடைத்த புத்தகத்தைப் படித்ததும்தான். அப்படிப் படித்ததில் ஒரு சங்கதியை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

பிரான்சு தேசத்தில், பாரிஸ் நகரத்தில், கோபெலின் என்ற பேர்பெற்ற சித்திரத் திரை நெசவுசாலை உண்டு. 1824-ல் அதன் சாயப் பகுதிக்கு செவ்ரூல் என்ற ரசாயன சாஸ்திரி தலைவராக வந்தார். அங்கே நெய்கிறவர்கள், "நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழல் காட்டப் போடும் கருப்பு நூல் எடுப்பாக இல்லை, சாயம் மட்டம்" என்று புகார் செய்தார்கள். நம் ஊராயிருந்தால் சாயத்தொட்டிக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டிருப்பார்கள்! அவர் அந்த நூலை வேறு பேர்பெற்ற இடங்களின் கருப்பு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குற்றமே இல்லை என்று கண்டார். பக்கத்திலே இருந்த நீலமும் ஊதாவுந்தான் பார்க்கிறவன் கண்ணுக்குக் கருப்பை மங்கச் செய்தன. ஒரு நிறம் தனியே இருக்கும்போது ஒரு மாதிரியும், இன்னொன்றின் பக்கத்தில் வேறு மாதிரியும் தோன்றும் என்பதைச் சோதித்துச் சோதித்து 1839-ல் பெரிய புத்தகமாகவே வெளியிட்டார். குற்றம் கருப்பினிடத்தில் இல்லை, அண்டை அயலில் இருக்கிறது என்று சோதனையால் காட்டியவர் அவர். சோதிக்காமலே கருப்பைத் தண்டித்தவர்கள் நாம்.

இதிலிருந்து நமக்கு உபயோகமான யோசனை கிடைக்கிறது. கருப்பு என்பது தன் மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கி, மிகக் கொஞ்சத்தையே திருப்பி அனுப்பும் நிறம். சிவப்புக்கும் பச்சைக்கும் சண்டை வரலாம். தனக்கென்று ஒரு சாயலில்லாத கருப்புக்கு யாரோடும் சண்டையில்லை. மஞ்சள், சிவப்பு, இளம்பச்சை, வெள்ளை இவற்றோடு கருப்புச் செருப்போ, இடைவாரோ, கடிகார வாரோ சேர்ந்தால் பளிச்சென்று நிற்கும். கருநீலம், கருஊதா, காப்பிக்கொட்டை நிறம் இவற்றோடு சேர்ந்தால் தப்பில்லை, ஆனால் மங்கும். அப்போது இடையில் ஒரு வெளிர் நிறம் வந்தால் போதும். இடைவாரும் செருப்பும் ஒரே கருப்பாக இருப்பது நலம். ஒன்று புதுக் கருப்பும் மற்றொன்று வெளுத்த கருப்புமாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று காட்டிக் கொடுக்கும். உடம்பில் இரண்டொரு இடத்தில் கருப்பு இருந்தால் போதும். இது சாஸ்திரமல்ல, கண்ணாடி முன் நின்று நீங்களே சோதித்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது உங்களுக்குப் பிடிக்காவிட்டால் உங்களுக்கு நரகம் கிடைக்காது.

நம் பாட்டிமார்களுக்கு இது தெரியாததல்ல. செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலையைப் பாருங்கள். அரக்கும் மஞ்சளும் கருப்பும் கட்டங்கட்டமாக எவ்வளவு எடுப்பாக நிற்கின்றன! காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தச் சேலையைக் கட்டிக் களையெடுத்தவளுக்குக் கருப்பால் என்ன கெட்டுப் போயிற்று?

அன்றியும் இது காசு விஷயம். திங்களுக்கு ஒரு நிறம், செவ்வாய்க்கு ஒரு நிறம், உன் ராசிக்கு இன்றைக்கு அதிர்ஷ்ட நிறம் இது என்று தினந்தோறும் அச்சடித்துப் போடுகிறார்கள். கூலிக்காரன் ஏழு நாளைக்கு ஏழு செருப்பும் ஏழு பையும் எங்கே போய் வாங்குவான்? நல்ல கருப்புச் செருப்பு ஒரு ஜோடி, கருப்புக் குடை ஒன்று இருந்தால் இருக்கிற அத்தனை உடைக்கும் அது ஈடு கொடுக்கும். ஜோசியனுக்கு நஷ்டம், குடும்பத்துக்கு லாபம்.

ஆனால் தோழர்களே, பையோடும் செருப்போடும் மாத்திரம் நிற்பதாயிருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். இந்த நாட்டில் ஒருவன் எதை அணியலாம் என்பதை அவன் தீர்மானிக்க விட்டதே கிடையாது. 1930-ம் வருஷம் டிசம்பரில், இராமநாதபுரம் ஜில்லாவில், மேல்சாதி என்று சொல்லிக்கொண்டவர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். நகை போடக்கூடாது, சட்டை, பனியன் போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி தொங்கக்கூடாது, பெண்கள் மேலே துணி போடக்கூடாது, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, காலில் செருப்புப் போடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. ஒரு குடையும் ஒரு ஜோடி செருப்பும் எதற்கு அடையாளமாக இருந்தன என்பது இப்போது விளங்குகிறதா? 'இது உனக்கு ஆகாது' என்ற சொல் அன்றைக்குச் சாதியின் பேரால் வந்தது. இன்றைக்குச் சகுனத்தின் பேரால் வருகிறது. சொல் ஒன்றுதான்.

அதுமட்டுமா? கருப்பு ஆகாது என்ற நினைப்பு துணியிலிருந்து தோலுக்குத் தாவுகிறது. பெண் பார்க்கப் போகிறவன் "கொஞ்சம் கருப்பாக இருக்கிறாள்" என்று காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போகிறான். போகிறவன் நிறம் அடுப்புக் கரி! வெயிலில் நின்று நாற்று நட்டவள் கருப்பு. நிழலில் உட்கார்ந்து அந்தச் சோற்றைத் தின்றவன் சிவப்பு. இதில் யார் வெட்கப்பட வேண்டும்? ஜவுளிக்கடையில் "இந்தச் சாயம் இவள் நிறத்துக்கு எடுக்காது" என்று தாயே மகளைப் பார்த்துச் சொல்ல, அந்தப் பெண் தலை கவிழ்ந்து நின்றதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தக் குனிந்த தலை நிமிர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியாக ஒரு வார்த்தை. கருஞ்சட்டைக்காரன் கருப்புக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று பரிகாசம் செய்வார்கள். கருப்பைக் கும்பிடச் சொல்லி நான் எழுதவில்லை. உச்சி வெயிலில் கருப்புச் சட்டை சுடத்தான் செய்யும். அந்த வேளையில் வெள்ளையைப் போட்டுக்கொள்ளுங்கள், கருப்பைக் குடையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எது வசதி, எது சிக்கனம், எது கண்ணுக்கு இதம் என்று பார்த்து அணியுங்கள். பஞ்சாங்கத்தைக் கேட்டு அணியாதீர்கள்.

அடுத்த கல்யாணத்தில் உங்கள் வீட்டுப் பெண் கருப்புப் பையை எடுத்தால், ஒருவரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் காலுக்குச் சரியான செருப்பையே அவள் போட்டுக்கொண்டு நடக்கட்டும்.