தனித்தொகுதியில் யாருடைய சின்னம்?

குற்றாலத்தில் சீசன் கடை போடும் தம்பி ஒருவர், 2024இல் நாம் தமிழரின் மைக் சின்னத்துக்கு ஓட்டுப் போட்டவர். "மத்தவங்களுக்குப் போட்டு என்னத்தக் கண்டோம்ணே?" என்றார். அவரை ஏமாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தென்காசி 1967 முதல் தனித்தொகுதி. 2024இல் உதயசூரியனில் ராணி ஸ்ரீகுமார் வென்றார். கொடியன்குளத்துக்குப் பிறகு எழுந்து வந்த டாக்டர் கிருஷ்ணசாமி இரட்டை இலையில் நின்றார். ஜான் பாண்டியன் தாமரையில். தனி இயக்கம் கண்ட தலைவர்கள் இருவருக்கும் இரவல் சின்னம். பட்டியலைவிட்டு வெளியேற வேண்டும் என்று கேட்கும் கிருஷ்ணசாமி பட்டியல் சாதித் தொகுதியில் நிற்பதையும் நம் தெருக்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆதிக்க சாதி ஓட்டில்லாமல் ஜெயிக்க முடியாது என்பதால் கட்சிகளுக்கு யாரையும் பகைக்காத வேட்பாளரே தேவை. 1932 பூனா ஒப்பந்தம் போட்ட முடிச்சு இது.

இந்தக் கசப்பில்தான் நாம் தமிழர் இங்கே சுமார் 1.3 லட்சம் ஓட்டு வாங்கியது. ஆனால் அது சாதியைக் 'குடி' என்கிறது. 2022இல் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாங்குளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி நம் பிள்ளைகளுக்கு மிட்டாய் தர மறுத்தார்களே, அங்கே இரு தரப்பும் தமிழர்தான். பெயரை மாற்றினால் மிட்டாய் கிடைத்துவிடுமா?

தம்பி அடுத்த முறை விஜய்க்காம். விக்கிரவாண்டி மாநாட்டில் அம்பேத்கர் படம் இருந்ததைக் காட்டினார். "பாஞ்சாங்குளம் பத்தி என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். போனைப் பார்த்தபடியே, "சொல்லுவாங்கண்ணே" என்றார்.